ஏழாம் ஷரத்தும் மொட்டைமாடி நெல்லும்

மயிலாடுதுறை,
தை 21.

சௌபாக்கியவதி காமுவுக்கு அண்ணா நாகேஸ்வரன் அநேக ஆசீர்வாதம். என் ரத்தக் கொதிப்பைத் தவிர இங்கு மற்றதெல்லாம் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் மாளவிகாவும் நன்றாக இருக்க மாயூரநாதரை வேண்டிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இத்துடன் இரண்டு பக்க நோட்டீஸ் வைத்திருக்கிறேன். வீடு நம் இருவர் பெயரிலும் இருப்பதால், மாடியில் குடியிருக்கும் செழியனைக் காலி செய்யச் சொல்ல உன் கையெழுத்தும் வேண்டுமாம். போனில் சொன்னால் பாதியிலேயே 'போறது விடுண்ணா' என்பாய். அதனால்தான் கடிதம். முழுதும் படி.

வாடகை ஒப்பந்தத்தின் ஏழாம் ஷரத்து நானே எழுதியது. 'மொட்டைமாடியைத் துணி உலர்த்தவும் வடாம், வற்றல் காயவைக்கவும் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.' வடாம் உன் மன்னிக்காகச் சேர்த்தது. இதில் நெல் என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா? பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் செழியன் நாலு மூட்டை நெல்லை ஏற்றி என் தலைக்கு மேல் பரப்பினான். காய்ந்ததை இறக்கி மில்லுக்கு அனுப்பினால் அடுத்த நாலு மூட்டை வந்து இறங்குகிறது. காலையில் பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு நெல்லைக் காலால் துழாவிவிட்டு, அப்புறம் ஷூ போட்டுக்கொண்டு காலேஜில் இயற்பியல் நடத்தப் போகிறான். நெல்லுக்குப் புறா வருகிறது, எலி வருகிறது, எலிக்காகப் பூனை வருகிறது, பூனைக்குப் பயந்து உன் மன்னி வடாம் போடுவதையே நிறுத்திவிட்டாள்.

முதலில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் மாடி ஏறினேன். செழியன் பெண்டாட்டி செம்மொழி, நர்ஸ் உத்தியோகம் பார்ப்பவள், நான் வாயைத் திறப்பதற்குள் டம்ளரை நீட்டிவிட்டாள். ஒருவர் வீட்டுக் காபியைக் குடித்த வாயால் காலி பண்ணு என்று எப்படிச் சொல்வது? 'காபி நன்னா இருக்கும்மா' என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். மறுநாள் காபி குடிக்காமல் செழியனைப் படியில் மடக்கிக் கேட்டேன். அவன் சொன்ன பதிலைக் கேள்: "வடாம் காயலாம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வடாம் அரிசி மாவுதானே சார். இது அரிசியாகப் போற வழியில இருக்கு, அவ்வளவுதான்."

சரி, எழுத்தில் தெரிவிப்போம் என்று 'மாடியில் நெல் காயவைப்பது ஒப்பந்தத்துக்கு விரோதம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மூன்று நாள் யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நாலாம் நாள் பால்காரர் பஞ்சநதம் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "மாடியில நெல்லு காயுதுங்களா? எனக்கும் ஒரு மூலை கிடைக்குமா?" என்றார்.

அப்புறம்தான் வக்கீல் ஜெக்கரியாவிடம் போனேன். அவர் கறாராக ஒரு நோட்டீஸ் தயார் செய்து கொடுத்தார். நம் வீட்டில் எந்தக் காகிதமும் சுவாமியிடம் வைக்காமல் வெளியே போனதில்லையே. நானும் உறையில் போட்டுச் செழியன் பெயரை எழுதிப் பிள்ளையார் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வருவதற்குள் உன் மன்னி உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு பழத்தோடு மாடியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் பட்டு உடுத்திக்கொண்டு ஸ்வீட் பாக்கெட்டோடு கீழே வந்து, "வீட்டுல என்ன விசேஷம் சார்? கவரைச் சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கோம், நாளைக்கு வெள்ளிக்கிழமை பிரிக்கலாம்னு" என்றார்கள். 'உங்களை வெளியே அனுப்புகிற விசேஷம்' என்று சொல்ல வாயெடுத்தவன் ஸ்வீட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டேன். மன்னிதான் கவர் மாறிப்போய்விட்டது என்று சொல்லி அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அவளுக்குக் குங்குமம் வேறு கொடுத்து அனுப்பினாள். ஜெக்கரியா தலையில் அடித்துக்கொண்டார். "மஞ்சள் தடவித் தாம்பூலத்தோட குடுத்ததை எந்தக் கோர்ட்டு சார் நோட்டீஸ்னு ஒத்துக்கும்? ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க" என்றார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? புறாவும் பூனையும் எனக்கு ஒரு பொருட்டில்லை. அது எந்த வயல் நெல் என்று உனக்கே தெரியும். மாளவிகா படிப்புக்கு உன் பங்கை விற்க வேண்டும் என்றாய், பாதி நிலத்தை வைத்துக்கொண்டு நான் மட்டும் என்ன செய்வது என்று நானும் விற்றேன். வாங்கியவன் இந்தச் செழியன்தான்; நம் வயலில் நடவு நட்டாளே அம்சம், அவள் மகன். நியாயமான விலை கொடுத்துத்தான் வாங்கினான், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நெல் என் தலைக்கு மேலேயே காய, நான் கடையில் பாக்கெட் அரிசி வாங்கிக்கொண்டு வருகிறேன். எனக்கு வயிறு எரிகிறது காமு. உன் மேலும் கோபம், என் மேலும் கோபம். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

மாளவிகாவுக்குச் சீக்கிரம் நல்ல வேலை அமையட்டும். மாப்பிள்ளையைச் சர்க்கரையைக் கவனித்துக்கொள்ளச் சொல். எல்லோருக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அண்ணா நாகேஸ்வரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. செழியன் காலேஜில், செம்மொழி ட்யூட்டியில். நன்றாக நனையட்டும் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். முதல் தூறல் விழுந்ததும் இந்த முழங்காலோடு எப்படி மாடி ஏறினேன் என்று தெரியவில்லை. நானும் மன்னியும், பால் ஊற்ற வந்த பஞ்சநதமும், கூடையிலும் அண்டாவிலும் அள்ளி இறக்கிவிட்டோம். இப்போது நம் கூடம் முழுக்க நெல். நெல் நனைவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அலறியடித்து ஓடிவந்த செழியன் கூடத்தைப் பார்த்ததும் ஈர உடையோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விஷயத்தை ஜெக்கரியாவிடம் சொன்னால், "குடித்தனக்காரர் பொருளை எழுத்துல தெரிவிக்காம வீட்டுக்காரர் தொடக் கூடாதுன்னு பத்தாம் ஷரத்து இருக்கே. இப்ப ஒப்பந்தத்தை மீறினது நீங்கதான் சார். நோட்டீஸ் அனுப்பணும்னா அவர்தான் உங்களுக்கு அனுப்பணும்" என்கிறார். அதையும் நானே எழுதினேனாம். நீ கையெழுத்துப் போட வேண்டாம். நாளை வெயில் வந்தால் நெல்லைத் துழாவ நானே வருகிறேன் என்று செழியனிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு மூலைவரை துழாவத் தெரியவில்லை. இரண்டு வாரமாக அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் பாதி ரத்தக் கொதிப்பு.