ஜாரைக் கொன்ற வழக்கில் நான்

பட்டாசு ஒரு வெடிபொருள் என்பது சிவகாசிக்காரர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. மற்ற ஊர்க்காரர்கள் ஆப்பிள் வாங்கிப் போகிற வீட்டுக்கு நாங்கள் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கொண்டு போவோம். அந்தப் பழக்கத்தால் என் படிப்பே போயிருக்கும். (அன்று என் மூளை எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.)

இப்போது கல்லூரியில் ரஷ்ய வரலாறு நடத்துகிறேன். அன்று எனக்கு மதுரையில் முனைவர் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. இடம் கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே நிக்காஹ் பேசுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. கிளம்பும்போது, பட்டாசுக் கடை வைத்திருக்கும் அத்தா ஒரு பெட்டியை நீட்டினார்.

"பெரிய மனுசங்களப் பாக்கப் போற. வெறுங்கைய வீசிக்கிட்டா போவாக?"

நானும் சமர்த்தாக அதைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

மதுரை ஸ்டேஷன் வாசலில் ஒரு மோப்ப நாய் என் பைக்குப் பக்கத்தில் வந்து அமைதியாக உட்கார்ந்தது. பாசக்கார நாய் போலிருக்கிறது என்று தலையைத் தடவப் போனேன். அடுத்த நிமிடம் ரயில்வே போலீஸ் அறையில் நின்றுகொண்டிருந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் பெட்டியை வெளியே எடுத்தார். அதற்கு அடியில் என் ஆய்வுக் குறிப்புகள். முதல் பக்கத்திலேயே, சிவப்பு மையில், என் கையெழுத்தில்: 'ஜார் வண்டி வரும் பாதை. முதல் குண்டு. இரண்டாம் குண்டு.' கூடவே தெருக்களின் படம், அம்புக்குறிகளோடு.

"யாரும்மா இந்த ஜாரு?"

"ரஷ்யாவோட ராஜா சார். செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு."

"யாரு கொன்னது?"

"படிச்ச பிள்ளைங்க சார்." (நானும் படித்த பிள்ளைதான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.)

பதினோரு மணிக்குத் தேர்வு. அப்போதே மணி பத்தரை. அழுதுகொண்டே முழுக் கதையையும் ஒப்பித்தேன்: பண்ணையடிமை முறை, அதை ஒழித்த ஜார், அதே ஜாரைக் கொன்ற ரகசியக் குழு. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அடிமைகள விடுவிச்ச மனுசனையா கொன்னாக?" காரியாபட்டிக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "சரி, அதுக்கப்புறம் சனங்களுக்கு நல்லது நடந்துச்சா?"

"இல்ல சார். அடுத்து வந்த மகன் இன்னும் கெடுபிடி."

"அம்புட்டுப் படிச்சவுகளுக்கு அது முன்னாடியே தோணலியா?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்படி ஒரு கேள்வி எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

பெட்டியைப் பறிமுதல் செய்து, இனிமேல் கொண்டுவர மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். கடைசி ஆளாக, வீங்கிய முகத்தோடு உள்ளே போனேன். எதை ஆராயப் போகிறீர்கள் என்றார் பேராசிரியை. மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோய், சப்-இன்ஸ்பெக்டரின் கேள்வியை அப்படியே சொன்னேன். தேர்வுக் குழுவில் சரிந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"நல்ல கேள்வி. எங்க படிச்சீங்க?"

"ரயில்வே ஸ்டேஷன்ல மேடம்."

இடம் கிடைத்தது. நிக்காஹ் பேச்சும் தள்ளிப்போனது. பட்டம் வாங்கியதும் ஆய்வேட்டின் ஒரு பிரதியை அந்த சப்-இன்ஸ்பெக்டருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"முடிவு என்ன போட்டிருக்கீக?"

"மேலும் ஆராய வேண்டியிருக்குன்னு போட்டிருக்கேன் சார்."

"அதான எங்க தொழில்லயும்," என்று சிரித்தார். "வழக்கு நிலுவையில இருக்குன்னு சொல்லுங்க."

இன்றும் வீட்டுக்கு யாராவது வந்து, டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் மகள் என்னத்தைப் படிக்கிறாள் என்று கேட்டால், அத்தா பெருமையாகச் சொல்கிறார்: "ராஜாவக் கொன்ன கேஸு. இன்னும் விசாரிச்சுக்கிட்டு இருக்கா."