கிள்ளான் படத்தில் உட்கார்ந்திருந்த அம்மா

திரு இருதய ஆண்டவர் துணை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
செப்டம்பர் 1998

ஈப்போவில் இருக்கும் அன்பும் மரியாதையும் நிறைந்த லூசி அக்காவுக்கு, தம்பி மரியநாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிலோமினாவும் நலம். அவளுடைய முட்டிவலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து மழைக்குப் பின்னால் போகிறது. அங்கே நீங்களும் அத்தானும் நலமாயிருக்கவும், அத்தானின் கண் ஆபரேஷன் நல்லபடி ஆறவும் தினமும் ஜெபித்துவருகிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஊரில் இருக்கிறவனெல்லாம் வேலை போய்விடுமோ என்று நடுங்கும் இந்த நேரத்தில், ஓய்வு வயது வருவதற்கு முன்பே நானாக ஏன் வேலையை விட்டேன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாளியோடு சண்டை என்று பிலோமினா டெலிபோனில் சொன்னாளாம். சண்டை ஒன்றுமில்லை. நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவளாக ஒரு சண்டையை உண்டாக்கிவிட்டாள். உங்களிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. அத்தானுக்கு இதை வாசித்துக் காட்டுவதானால் பகலில், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வாசிக்கவும்.

துறைமுகத்துக்கு வரும் சாமான்களை லோரியில் ஏற்றி அனுப்புவது எங்கள் கம்பெனியின் வேலை என்று உங்களுக்குத் தெரியும். தலைமை ஆபீஸ் இங்கே, கிளை கிள்ளானில். திங்கட்கிழமைதோறும் இரண்டு ஆபீசும் கூடிப் பேசியாக வேண்டும். அதற்காக ஹைவே நெரிசலில் பாதி நாளைத் தொலைக்க வேண்டாம் என்று முதலாளி கனகலிங்கம் போன வருடம் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்கி இரண்டு ஆபீசிலும் போட்டார். அதில் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, இங்கே ஒருவர் தட்டினால் அங்கே திரையில் டிங் என்ற சத்தத்தோடு ஒரு சின்னப் பெட்டி எழும்பிச் செய்தி சொல்லும். நான் காலமெல்லாம் ஆபீஸ் கடிதம் எழுதியவன் அல்லவா, முதல் செய்தியிலேயே விலாசம், தேதி, பொருள், தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன் எல்லாம் போட்டு அனுப்பினேன். பெட்டி கொள்ளாமல் அது துண்டு துண்டாகி, கிள்ளானில் நிறுத்தாமல் டிங் டிங் என்று அடிக்க, அங்கே டெலிபோனுக்கும் டைப்புக்கும் இருக்கும் வீரம்மா தீப்பிடித்ததற்கு அடிக்கும் மணி என்று நினைத்து ரோட்டுக்கு ஓடிவிட்டாள். எங்கள் ஆபீசில் வேலை பார்க்கும் பையன் மாரிஸ் ‘சாப்பிடப் போலாமா’ என்று பக்கத்து மேஜை சந்திரகலாவுக்கு மட்டும் தட்டியது எல்லாருடைய திரையிலும் எழும்பியது. அன்று அவர்களோடு முதலாளியும் சாப்பிடப் போனார்.

இன்னொன்று படம். பிங்பாங் பந்து போல ஒரு கேமரா கம்ப்யூட்டர் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்க்கும். அது பார்ப்பது கிள்ளானில் தெரியும், கிள்ளான் எங்களுக்குத் தெரியும். பேச்சு மட்டும் டெலிபோன் ஸ்பீக்கரில் வரும். பேச்சு முன்னால் வர, படம் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். கிள்ளான் மேனேஜர் வேலாயுதம் பேசி முடித்து நாங்கள் பதிலும் சொன்ன பிறகுதான் அவர் வாய் திறக்கும். ஆரம்பத்தில் எல்லாரும் பவுடர் போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்வதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். சிரித்தால் கம்பெனிக்குச் செலவு கூடும் என்று மாரிஸ் யாரையோ நம்பவைத்திருந்தான்.

அந்தப் படத்தில்தான் அக்கா, அந்த அம்மா இருந்தாள்.

கிள்ளான் படத்தின் இடது மூலையில், வேலாயுதத்துக்குப் பின்னால், காப்பிக் கலர் சேலை கட்டி, தலையை இறுக்கிக் கொண்டை போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிள்ளானில் புதிதாக ஆள் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தலையசைத்து வணக்கம் வைத்தேன். கொஞ்சம் தாமதமாக அவளும் தலையசைத்தாள். பெயர் கேட்க நினைப்பதற்குள் மீட்டிங் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு தடவை வணக்கம் வைத்துவிட்டு மறுபடி யார் நீங்கள் என்று கேட்பது மரியாதையா? அப்படியே வாரங்கள் போய்விட்டன. முதலாளி வேறு, ‘அந்த அம்மாவைப் பாருங்க, எவ்வளவு கவனமா கேக்கறாங்க’ என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

தைப்பூசம் முடிந்த வாரம் வேலாயுதம் ஒரு வேலையாக இங்கே வந்தார். காப்பி குடித்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார்.

“எங்கண்ணே உங்க ஆபீஸ் அம்மா? லீவா?”

“எந்த அம்மா?”

“மீட்டிங்ல உங்களுக்குப் பின்னாடி உக்காருவாங்களே, காப்பிக் கலர் சேலை.”

“அவங்க உங்க கிள்ளான் ஆள் இல்லையா?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். சந்திரகலா டைப் அடிப்பதை நிறுத்தினாள். கடைசியில் வேலாயுதம் மெல்லிய குரலில், தாங்கள் எல்லாரும் அவளைத் தலைமை ஆபீசிலிருந்து கண்காணிக்கப் போட்ட ஆள் என்று பயந்து, ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்.

முதலாளியிடம் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. புரோகிராம் விற்ற கடைக்காரரை மாரிஸ் கேட்டான். பழைய படம் ஏதாவது மெஷினில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றாராம். ஒட்டிக்கொண்ட படம் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைக்குமா? மாரிஸ் புனித அந்தோனியாரின் படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஒட்டினான், அவள் தலை குனிந்து கும்பிட்டாள். சந்திரகலா அதற்குத் திருநீறு பூசினாள், அதற்கும் கும்பிட்டாள். எந்தச் சாமிக்கும் பயப்படுகிறவளாகத் தெரியவில்லை, எல்லாருக்கும் மரியாதை கொடுக்கிறவளாகத் தெரிந்தது.

கண்ணால் பார்த்துவிடுவோம் என்று ஒரு திங்கட்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்து நானே கிள்ளானுக்குப் போனேன். அந்த மூலையில் ஒரு இரும்பு அலமாரிதான் நிற்கிறது. நாற்காலி போட இடமே கிடையாது. அலமாரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்தேன். மீட்டிங் ஆரம்பித்தது. திரையில் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அறை தெரிந்தது. முதலாளி, மாரிஸ், சந்திரகலா, காலியாக என் நாற்காலி, அதன் பின்னால் அவள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இருக்கிறாள், இங்கே இல்லை, அது போதும் என்று நான் மூச்சுவிடும்போது ஸ்பீக்கரில் முதலாளி பேசினார்.

“மரியநாயகம், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அந்த அம்மாவை மறைக்கிறீங்க.”

நான் தள்ளி உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை.

பிறகு இந்தக் கஷ்ட காலம் வந்தது. கப்பல் வருவது குறைந்து, லோரிகள் வாசலில் சும்மா நின்றன. போன மாதம் முதலாளி மீட்டிங்கில் சொல்லிவிட்டார், ஆபீசுக்கு ஒருவர் வேலையை விட்டுப் போயாக வேண்டும், யாராவது முன்வந்தால் நல்லது, இல்லாவிட்டால் தானே தீர்மானிப்பேன் என்று. கிள்ளானில் அது யார் என்று எல்லாருக்கும் தெரியும். வீரம்மாவின் புருஷன் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகள். அவள் முகம் அன்றைக்குத் திரையில் தெளிவாகத் தெரிந்தது, அது தெளிவாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். அப்போது மூலையில் இருந்த அந்த அம்மா மடியிலிருந்து ஒரு கையை எடுத்து மெதுவாகத் தூக்கினாள்.

முதலாளி நெகிழ்ந்துபோனார். “ரொம்ப நன்றிம்மா. உங்க மனசு யாருக்கும் வராது,” என்றார். அவள் எழுந்து கும்பிட்டுவிட்டுப் படத்தின் ஓரமாக நடந்து வெளியே போனாள். வீரம்மா மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

அவளுக்கு நற்சான்றிதழ் கொடுக்க வேண்டும், பெயர் கேட்டு எழுதுங்கள் என்று முதலாளி என்னிடம் சொன்னார். ஒழுங்காக வருவார், ஒரு வார்த்தை அநாவசியமாகப் பேசமாட்டார் என்று உண்மையையே எழுதினேன். பெயருக்கு என்ன செய்வது? அந்த அம்மாவின் பெயர் என்ன போடலாம் என்று வேலாயுதத்துக்குத் தட்டிவிட்டேன். டிங் என்று பெட்டி எழும்பியது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது, வேறொன்றுமில்லை. டெலிபோனில் கூப்பிட்டால், வேலாயுதம் அப்போதுதான் கிடங்கிலிருந்து வருவதாகச் சொன்னார்.

நான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் அக்கா. பக்கத்து மேஜையில் மாரிஸ், போன ஈஸ்டருக்குத்தான் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவனுக்கு அந்தப் பக்கம் சந்திரகலா, இரண்டு தம்பிகளைப் படிக்கவைக்கிறாள். எனக்குப் பிள்ளையுமில்லை, இருக்கிற வீடும் சொந்தம். இந்த உலகத்தில் இல்லாத ஒருத்தி கையைத் தூக்கினாள். இருக்கிற நான் பேசாமல் உட்கார்ந்திருப்பதா? பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. முதலாளி அறைக்குப் போய் நான் போகிறேன் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. இதில் சண்டை எங்கே வந்தது?

இப்போது மனம் லேசாக இருக்கிறது. காலையில் பூசைக்குப் போகிறேன், பாசாருக்குப் போய் மீன் வாங்கி வருகிறேன், நான் வாங்கும் மீனில் குறை சொல்ல பிலோமினாவுக்கும் நேரம் சரியாக இருக்கிறது. அந்தப் புரோகிராமும் வேண்டாம், அந்தப் பந்துக் கேமராவின் பார்வையும் வேண்டாம். அதோடு எனக்கு இனி எந்தச் சம்பந்தமும் கிடையாது. நீங்கள் கவலைப்படாமல் இருக்கவும். உங்கள் வீட்டின் மேல் மாதாவின் நிழல் எப்போதும் இருக்கட்டும். அத்தானுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள தம்பி
மரியநாயகம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் முதலாளி டெலிபோனில் கூப்பிட்டுவிட்டார். என் ராஜினாமாவைக் கிழித்துப் போட்டாராம். ‘கிள்ளான்லயே வேலை பார்க்க ஆசைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா’ என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். நேற்றைய மீட்டிங்கில் கிள்ளான் படத்தில், மூலையில், அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேனாம். அம்மாவும் மனசு மாறி வந்துவிட்டார், இனி யாரையும் அனுப்பப்போவதில்லை, இரண்டு பேரும் மீட்டிங் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தீர்கள், பார்க்கச் சந்தோஷமாக இருந்தது என்றார். நேற்றுக் காலை முழுவதும் நான் வீட்டில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், பிலோமினாவே சாட்சி. சாட்சியாக இருந்தும் அவள் என்னோடு பேசவில்லை. அந்தப் பொம்பளையிடம் அவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்று மட்டும் கேட்டாள். தெரிந்தால் சொல்லமாட்டேனா அக்கா.