ஒரு மணி நேரப் படகு

மச்சான் வீட்டு விருந்துக்குப் போகவே கூடாது என்று ஜாஃபர் சாதிக் ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே முடிவெடுத்துவிட்டார். பிரியாணி மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. பிரியாணியோடு பரிமாறப்படும் சிங்கப்பூரைத்தான் அவரால் செரிக்க முடியவில்லை.

மனைவி நூர்ஜஹானின் அண்ணன் மீரா உசேன் சிங்கப்பூரிலிருந்து லீவில் முத்துப்பேட்டை வந்திருந்தார். நூர்ஜஹானுக்கு அவர் 'காக்கா'. அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். போன லீவில் அவர் ரயிலேறி ஆபீஸ் போன கதையைச் சொன்னார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று போனது அந்தக் கதை. ஜாஃபர் வழியில் எங்கும் இறங்க முடியவில்லை.

'வரமாட்டேன்' என்று மனைவியிடம் சொல்ல, கூத்தாநல்லூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அவருக்குத் தைரியம் இல்லை. ஆகவே திட்டம் போட்டார்.

"நூரு, ஞாயித்துக்கிழமை காக்கா வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, அலையாத்திக் காட்டைப் படகுல ஒரு சுத்து பாத்துட்டு வந்துடுவோமா?"

நூர்ஜஹான் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"என்னங்க திடீர்னு?"

"நீதானே ரொம்ப நாளா கேட்டே?"

"அது கல்யாணமான புதுசுல. சரி, எவ்வளவு நேரமாகும்?"

"ஒரே மணி நேரம்! மேப்புல பாரு, இத்தனூண்டு தூரம். மோட்டார் படகு. போக அரை மணி, வர அரை மணி."

"காட்டைப் பாக்க?"

"அது... போற போக்குல பாத்துக்கலாம்."

"சரிங்க" என்றாள் நூர்ஜஹான். இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதில் ஜாஃபருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

படகுக்காரர் கோவிந்தராசுவிடம் அவர் போனில் ஏற்கெனவே விசாரித்திருந்தார்.

"வெள்ளனா வந்துடுங்க சார். பத்து மணிக்கு மேல தண்ணி வடிஞ்சிடும். உள்ள மாட்டினா சாயங்காலம் தண்ணி ஏறினாத்தான் வெளிய வரலாம்."

"அப்ப பத்து மணிக்கே வர்றோம்" என்றார் ஜாஃபர். கோவிந்தராசு போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சொல்லிவைத்தாற்போல் நடந்தது. படகு ஆற்றைக் கடந்து காயலுக்குள் போனது. கொக்குகள் பறந்தன. மோட்டார் இருமியது. படகு சேற்றில் உட்கார்ந்தது. மூன்று பேரும் பக்கத்திலிருந்த மரமேடையில் ஏறினார்கள்.

"அடடா! காக்கா எலையைப் போட்டுட்டுக் காத்துக்கிட்டிருப்பாங்களே!" என்று தலையில் கை வைத்தார் ஜாஃபர். கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த சோகம். நன்றாகவே வந்தது.

"மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றாள் நூர்ஜஹான்.

மதியப் பசி எடுக்கும் நேரத்துக்கு அவள் சட்டென்று எழுந்து, "காக்கா! காக்கா!" என்று கையை ஆட்டினாள். கோவிந்தராசு வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஜாஃபர் பார்க்கவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்தார்.

கழி ஊன்றி வந்த சின்ன வள்ளம் ஒன்று மேடையை ஒட்டி நின்றது. முதலில் பிரியாணிச் சட்டி ஏறியது. பின்னாலேயே மீரா உசேன் ஏறினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாப்புள! வீட்டுல பேச உட்கார்ந்தா ஆள் மாத்தி ஆள் வந்துடுறாங்க. இங்க எந்தத் தொந்தரவும் இல்ல!" என்றவர், வள்ளக்காரரைப் பார்த்து, "நீங்க போங்க தம்பி, நாங்க தண்ணி ஏறினதும் வர்றோம்" என்றார்.

வள்ளம் போய்விட்டது. மீரா உசேன் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்து, விமானம் புறப்பட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

ஜாஃபர் மனைவி பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். "காக்காவை இங்க வரச் சொல்லியிருக்கியே, சோத்து நேரத்துக்கு இங்கதான் கெடப்போம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நூர்ஜஹான் அவர் தட்டில் ஒரு பெரிய கறித்துண்டை எடுத்து வைத்தாள்.

"ஒரு மணி நேரம்னு நீங்க சொன்னீங்கள்ல? நிக்காஹ் ஆன நாள்லேருந்து நீங்க சொல்ற நேரத்தை மூணால பெருக்கித்தாங்க நான் உலையே வைக்கிறேன்."