ஒரே கம்ப்யூட்டரில் நாலு பேரை உட்கார வைத்தவர்

ஒரே கம்ப்யூட்டருக்குள் நாலு பேரை நுழைத்து, நாலு பேரையும் அது தங்கள் சொந்தக் கம்ப்யூட்டர் என்று நம்ப வைத்த மனிதர் பம்பாயிலேயே பேட்ச் அண்ணாச்சி ஒருவர்தான். லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக உட்கார்ந்து பழகியவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் மாமி ஒருவர் நடத்தும் திருமணத் தகவல் மையத்தில் எனக்கு வேலை. ஜாதகங்கள் எல்லாம் மாமியின் அறையில் உள்ள பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும். மாமி அதிலேயே உட்கார்ந்திருக்க, நளினி, சுமதி, நான் மூவரும் வெளியே பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து அதற்குள் நுழைந்து வேலை செய்வோம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம் என்பது அதைச் செய்த கம்பெனியின் சட்டம். தாராவியிலிருந்து ரிப்பேருக்கு வரும் இந்த அண்ணாச்சி உள்ளே ஏதோ ஒரு ஃபைலைத் திருத்தி, பேட்ச் என்று ஓர் ஒட்டுப் போட்டு அந்தச் சட்டத்தை ரத்து செய்திருந்தார். கூடுதல் ஆட்களுக்குக் காசு கட்டி லைசென்ஸ் வாங்குவது அவருக்கு மானக்கேடு.

அவருடைய ஒரே எதிரி அப்டேட். அது வந்தால் அவர் திருத்தியதெல்லாம் பழையபடி ஆகிவிடும். ஏழு இடத்தில் அதை அணைத்து வைத்தார். திருப்தியில்லாமல், கூப்பிடாமலே வாரா வாரம் வந்து பார்ப்பார். ஒருமுறை சுமதி தன் போனை ரீஸ்டார்ட் செய்யப் போவதாகச் சொன்னதற்கு, காபியைப் பாதியில் வைத்துவிட்டு மாமியின் அறைக்கு ஓடினார். "அவுக நல்லா ஓடிட்டிருக்காவ, யாரும் தொடாதீய" என்று கம்ப்யூட்டருக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசுவார்.

எட்டாவதாக ஓர் இடம் இருந்திருக்கிறது. அப்டேட் செய்யட்டுமா என்று தினமும் ஒரு கட்டம் வந்து மாமியிடம் கேட்டிருக்கிறது. எந்த வரனையும் வாய்விட்டு வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத மாமி, எத்தனை நாள்தான் காக்க வைப்பது என்று சம்மதித்துவிட்டார்.

மறுநாள் காலை முழுக்க ஒருவரை ஒருவர் வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம். நான் நுழைந்தால் நளினி வெளியே. அவள் நுழைந்தால் சுமதி வெளியே. அண்ணாச்சி வந்து நாலு மணி நேரம் போராடினார். பேட்ச் ஒட்டவே இல்லை.

மாமி பக்கத்தில் வந்து நின்றார். "ஒருத்திதான் உக்கார முடியும்னா ஒருத்தி போறும் அண்ணாச்சி. நளினி இருக்கட்டும். மத்த ரெண்டு பேரையும் இந்த மாசத்தோட நிறுத்திடறேன்."

என் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடியது.

அண்ணாச்சி எங்களைத் திரும்பிப் பார்த்தார். "மாமி, லைசென்ஸ் வாங்கிருங்க. எங்க வாங்கணும்னு நான் சொல்லுதேன். என் பேட்ச் போனா போகட்டும், இந்தப் புள்ளையளுக்கு வேலை போகக் கூடாது."

அண்ணாச்சியே லைசென்ஸ் வாங்கச் சொல்லிவிட்டார் என்றால் வேறு வழியே இல்லை போலிருக்கிறது என்று மாமியும் வாங்கிவிட்டார். அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் எதுவும் பழுதாவதில்லை. அண்ணாச்சிக்கு வர வேலையும் இல்லை.

போன வாரம் நானே அவருக்கு போன் செய்தேன். என்ன ரிப்பேர் என்று கேட்டார். ஒன்றுமில்லை அண்ணாச்சி, உங்களைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது, அதனால்தான் என்றேன்.