பூட்டு போட்ட விளையாட்டு

ஏற்காட்டு மலையில், மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பி எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார் சிங்கராயர். எண்பத்து மூன்றாம் வருஷம் ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு, தம் வீட்டில் விளையாட்டை ஒழித்துவிட்டார்.

"ஜூன்ல புள்ளைய கான்வென்ட்டுல சேர்க்கோணும். இருவது வரைக்கும் எண்ணத் தெரியல. எந்நேரமும் குச்சி, கல்லு, துணிப் பொம்மை! ஏம்புள்ள, இனி விளையாட்டுச் சாமான் எது கண்ணுல பட்டாலும் டிரங்குப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிரு."

நாலு வயது பிலோமினா அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"சரிங்க" என்றாள் மனைவி சாந்தாமேரி. அந்தச் 'சரிங்க' வந்த வேகத்திலேயே சிங்கராயர் சுதாரித்திருக்க வேண்டும்.

பொம்மை பெட்டிக்குள் போயிற்று; ஸ்லேட்டும் பலப்பமும் வெளியே வந்தன. "ஒண்ணு, ரெண்டு" என்று தொடங்கினார். குழந்தை அவர் வாயையே பார்த்தது, தன் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். நாளெல்லாம் தனக்குத்தானே கதை பேசுகிற பிள்ளை வாயடைத்துக் கிடந்தது அவருக்கே என்னவோ போலிருந்தது. ஆனால் போட்ட சட்டம் போட்டதுதானே!

"ஏனுங்க, கண்ணு உங்க குடைய விரிச்சு ஊடு கட்டிட்டாளுங்க. இப்ப அதும் விளையாட்டுச் சாமான்தானுங்களே?"

"...பூட்டு."

குடை போயிற்று. கம்பளிக் குல்லா கோழிக்கூடாயிற்று, பூட்டினாள். பூட்ஸ் பரிசலாயிற்று, பூட்டினாள். தலையணை பஸ்ஸாயிற்று.

"நொம்ப நல்ல சட்டமுங்க. ஊடே சுத்தமாயிருச்சு" என்றாள் சாந்தாமேரி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

சனிக்கிழமை மழையில் தொப்பலாக நனைந்து வந்த சிங்கராயர், தலை துவட்டிவிட்டு, கழுத்து வலியோடு வெறுந்தரையில் குப்புறப் படுத்தார். முதுகில் சின்னப் பாதங்கள் ஏறின.

"அப்பா, அசையாதீங்க. நீங்க மலை. சேலம் பஸ் ஏறுது."

அதட்டத்தான் நினைத்தார். ஆனால் ஒரு வாரத்துக்குப் பிறகு கேட்கிற குரல். மலையாகவே கிடந்தார்.

"வளைவு ஒண்ணு... ரெண்டு..." பாதங்கள் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி ஏறின. பாதி வழியில் பஸ் சூடேறி நின்றது. தண்ணீர் ஊற்றிக் கிளப்பினாள். பஸ் கவிழ்ந்துவிடக் கூடாதே என்று மலை மூச்சை மெல்ல விட்டது. "பத்தொம்பது... இருவது! ஏற்காடு வந்திருச்சு!"

தரையில் கன்னம் அழுந்தக் கிடந்த சிங்கராயருக்குக் கண் கலங்கியது.

"சாமி, இருவது யாரு சொல்லிக் குடுத்தது?"

"அம்மா. நாங்க தினம் பஸ் வுடுவமே! பொம்மைக்குக்கூடத் தெரியும். அதத்தான் நீங்க பூட்டிட்டீங்க."

அந்நேரம் வாசலில் ஜீப் நின்றது. "ரைட்டர் இருக்காரா?" என்றது மேனேஜரின் குரல். சிங்கராயர் பதறி எழப் பார்த்தார்.

"மலை எந்திரிக்கக் கூடாது!" என்று கத்தினாள் பிலோமினா.

சாந்தாமேரி நிதானமாகப் போய்க் கதவைத் திறந்தாள்.

"இருக்காருங்க சார். பஸ்ஸு கீழ எறங்குற வரைக்கும் செத்த உக்காருங்க."