முப்பது குழாயிலும் பால்

நான் ஒரு சந்தேகப் பிராணி. சோதனைக்குழாயை மூன்று முறை கழுவுவேன். மூன்று முறைதான் கழுவினேனா என்று சந்தேகம் வந்து நான்காவது முறையும் கழுவுவேன். பிள்ளை பிறந்த பிறகு இது முற்றிவிட்டது. தூங்குகிற குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்து, அதை எழுப்பி அழவிட்டு, அழுகைச் சத்தம் கேட்டதும்தான் நிம்மதியாவேன். இப்படி எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட்டிருக்க வேண்டிய ஒரே ஆளைக் கோட்டை விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். குடியிருந்தது ஈப்போவில், முதுகலை ஆராய்ச்சிக்குப் பதிந்திருந்தது கோலாலம்பூரில். நம் உடம்பு கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பிலிருந்துதான் சில ஹார்மோன்களைச் செய்துகொள்கிறது. தையற்காரர் துணியை வெட்டுவதுபோல அந்தக் கொழுப்பை வெட்டி உருவம் கொடுப்பவை நொதிகள். அவை மந்தமானால் இரத்தத்தில் கொழுப்பு தேங்குமா? இதுதான் என் கேள்வி. (என் கணவரிடம் இதை அரைமணி நேரம் விளக்கினேன். "சரி, இன்னிக்கு என்ன கறி?" என்றார்.)

என் மகள் கவிதா பிறந்து ஏழு மாதமாக நான் ஆய்வகப் பக்கம் போகவில்லை. என் பேராசிரியர் சுவா கண்டிப்பானவர். கடிதம் போட்டார்: "ஞாயிறு நண்பகல் பினாங்கு போகும் வழியில் ஈப்போ மருத்துவமனை ஆய்வகத்துக்கு வருவேன். வெறும் வயிற்றில் எடுத்த முப்பது பேரின் இரத்த மாதிரிகள் தயாராக இருக்கட்டும். இல்லையென்றால் உங்கள் இடத்துக்கு வேறொரு மாணவர் காத்திருக்கிறார்."

முப்பது பேருக்கு எங்கே போவது? ஈப்போவுக்கு அருகே, செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் மாமியார் இருந்தார். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் சொன்னால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயமே எழுந்து நிற்கும். சனிக்கிழமை மாலை வீடு வீடாகப் போனேன். "ராத்திரி எட்டு மணிக்கு மேல எதுவும் சாப்பிடக்கூடாது. காலையில பச்சைத் தண்ணி மட்டுந்தான்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். மாமியார் கூடவே வந்து, "மருமவ சொல்றத நல்லாக் கேட்டுக்குங்க. இதுல அவ பாஸ் பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் பிரட்டுக்களத்தில், அதாவது தொழிலாளர்களுக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், மேசை போட்டோம். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் ஊசி குத்தினார். நான் குழாய்களை வாங்கி எண் போட்டேன்.

"சாப்பிட்டீங்களா, அண்ணே?"

"இல்லம்மா" என்றார் பெருமாள் அண்ணன், மீசையைத் துடைத்துக்கொண்டு. சொல்லிவிட்டு என் மாமியாரைப் பார்த்தார். அடுத்து வந்தவர்களும் அப்படியே சொன்னார்கள், அப்படியே பார்த்தார்கள். ஊசிக்குப் பயம் என்று நினைத்தேன். காற்றில் மிளகு வாசம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதானே, யாரோ சமைக்கிறார்கள் என்று நினைத்தேன். வழக்கமாக என் கைப்பையின் வாரை மெல்லும் மாமியாரின் கிடாவைக் காணவில்லை. பை தப்பித்தது என்று சந்தோஷப்பட்டேன். (நான் அறிவியல் படித்தவள். கவனித்துப் பார்ப்பதுதான் என் தொழில்.)

பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஐஸ் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, கணவரின் மோட்டார் சைக்கிளில் ஈப்போவுக்கு வந்தேன். என்னை இறக்கிவிட்டு அவர் தோட்டத்துக்குத் திரும்பினார். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்த மைக்கேல் அண்ணன் எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்தோம். சுழன்று நின்றால் சிவப்பணுக்கள் கீழே தங்கும். மேலே தெளிந்த இளமஞ்சள் நீர் நிற்கும். நிற்க வேண்டும்.

மைக்கேல் அண்ணன் முதல் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னா தங்கச்சி இது? ரத்தம் எடுத்தியா, இல்ல பால்மரத்த வெட்டிக்கிட்டு வந்தியா?"

மேலே நின்றது வெள்ளை. கெட்டியான தேங்காய்ப்பால் வெள்ளை. அடுத்த குழாயும் அப்படியே. அதற்கடுத்ததும். முப்பதும்.

மணி பதினொன்று. கவிதாவின் பால் போத்தலைக் கொதிக்க வைக்கும் பானையில்தான் குழாய்களையும் கொதிக்க வைத்திருந்தேன். பால்மாவு ஒட்டிக்கொண்டதா? அப்படியானால் குழாயில் இருந்த மருந்து பிள்ளையின் போத்தலில் ஒட்டியிருக்குமா? அதிகாலையிலிருந்து பிள்ளைக்குப் பால் கொடுக்காததால் என் ரவிக்கை வேறு நனைந்திருந்தது. ஒருவேளை... குனிந்து எண் போடும்போது... முப்பது குழாய், குழாய்க்கு இத்தனை சொட்டு என்று நான் உண்மையிலேயே கணக்குப் போட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அண்ணே, நீங்க சாப்பிட்டீங்களா?"

"சர்ச்சுல பூசைக்குப் போகணும்லா. நன்மை அப்பம் வாங்கற வரைக்கும் ஒண்ணும் தொட மாட்டேன்."

"கைய நீட்டுங்க."

அதே பானையில் கொதித்த மிச்சக் குழாய் ஒன்றில் அவர் இரத்தத்தை எடுத்துச் சுழற்றினேன். கண்ணாடிபோலத் தெளிந்த மஞ்சள். அப்படியானால் குழாயில் குற்றமில்லை. என் பாலிலும் குற்றமில்லை. குற்றம் அந்த முப்பது பேரின் உடம்பில்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் வந்தது. வெறும் வயிற்றில் இவ்வளவு கொழுப்பா? பரம்பரை நோயா? ஒரு லயம் முழுக்கவா? முப்பதில் ஒன்று என் மாமியாருடையது. அப்படியென்றால் என் கணவருக்கும் உண்டா, கவிதாவுக்கும் உண்டா? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மைக்கேல் அண்ணன் பூசையை மறந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. ஓர் இடுப்பில் அழுகிற கவிதா, மறு கையில் தூக்குச்சட்டியுடன் என் மாமியார். பின்னால் என் கணவர்.

"பிள்ளைக்குப் பசி. உனக்கும் பசிக்குமேன்னு கொண்டாந்தேன். சூடு ஆறுறதுக்குள்ள குடி."

மூடியைத் திறந்தார். மிளகு வாசம். மேலே ஒரு விரல் கனத்துக்கு நெய் மிதந்தது.

"அத்தை... இது என்ன?"

"ஆட்டெலும்பு சூப்பு. முப்பது பேருக்கும் ஊத்துனது போவ மிச்சம்."

"முப்பது பேருக்கும்?"

"பின்ன? அதுங்க ஒடம்புல என்னா இருக்கு, வெறும் எலும்பு. நீ பாட்டுக்கு ரத்தத்த உறிஞ்சிட்டுப் போயிடுவ. மயங்கி வுழுந்தா யாரு தூக்குறது? ரத்தம் தண்ணியா இருந்தா உன்னை ஃபெயிலு ஆக்கிட மாட்டாங்களா? அதான் கெடாவ போட்டேன்."

"எதுவும் சாப்பிடக்கூடாதுன்னு வீடு வீடாச் சொன்னேனே, அத்தை!"

"ஒரு பருக்கை சோறு உள்ள போவல. நின்னு பார்த்தேன். பெருமாள் ரொட்டி கேட்டான், கைய தட்டிவுட்டேன்லா."

நான் சிரித்தேனா, அழுதேனா தெரியாது. யாருக்கும் நோயில்லை. எனக்கு இடமில்லை. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் சுவா உள்ளே வந்தார். குழாய்களைப் பார்த்தார். தூக்குச்சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதறுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குறிப்பேட்டை எடுத்தார்.

"ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கொடுத்தார் என்று கேளுங்கள்."

கேட்டேன்.

"ஒரே கொவளை. நானே ஊத்துனேன். ஒருத்தனுக்குக் கூடப் போனா சண்டை வந்துடும்."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைக்கு. எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சு, ஒண்ணா குடிக்க வச்சேன். குடிச்சிட்டுக் கொவளைய கவுத்துக் காட்டணும்."

பேராசிரியர் குறிப்பேட்டை மூடினார். "உங்களைவிட உங்கள் மாமியார் ஒழுங்காகச் சோதனை நடத்தியிருக்கிறார்" என்றார். "இதே முப்பது பேர், இதே நேரம், சூப்பு இல்லாமல். இரண்டு வாரம் தருகிறேன்." வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மிச்சமிருந்த சூப்பை ஒரு குழாயில் ஊற்றி மூடி எடுத்துப் போனார். அளந்து பார்க்கத்தான் என்று இன்றுவரை நம்புகிறேன்.

இரண்டாவது முறை மாமியாரையே காவலுக்கு வைத்தேன். ஐந்து மணிக்கே முப்பது பேரையும் பிரட்டுக்களத்தில் உட்கார வைத்துவிட்டார். பெருமாள் அண்ணன் வாய் கொப்பளித்தபோதும் துப்புகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்தார். முப்பது குழாயும் தெளிந்த மஞ்சள். சூப்புக்கு முன், சூப்புக்குப் பின் என்று என் ஆய்வுக்கே ஒரு புதிய அத்தியாயம் வந்தது; என் இடமும் தப்பியது.

பேராசிரியரின் பிடிவாதத்தால் அந்தச் சூப்பின் செய்முறை முழுவதையும் ஆய்வேட்டில் எழுத வேண்டியதாயிற்று: கிடாவின் வயது, எலும்பின் எடை, நெய்யின் அளவு. மிளகு எவ்வளவு என்று மாமியாரிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். இரண்டு மேசைக்கரண்டி என்று எழுதினேன்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது இரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பினால், "சூப்பு குடிச்சாச்சா?" என்றுதான் வழியனுப்புகிறார்கள். மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஆய்வேட்டில் அந்தப் பக்கம் தெரியும். கோழி இறகு ஒன்றை அடையாளம் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைப் பிரித்துக் காட்டி, கவிதா எழுத்துக்கூட்டத் தொடங்கிய ஆறு வயதிலிருந்தே அவளைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்வார். மிளகு வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டுவார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கா. மிளகுதான் கொறைச்சல். அந்த வாத்தியாருங்க குடிச்சுப் பார்க்காமலே பாஸ் போட்டுட்டாங்க."