எதிர்க்கட்சி அண்ணாச்சிக்கு வந்த நோய்

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் நடந்த எந்த நல்ல காரியமும் எதிர்க்கட்சி அண்ணாச்சியின் எதிர்ப்பு இல்லாமல் நடந்ததில்லை. நாளைக்குச் சூரியன் உதிக்கட்டும் என்று தீர்மானம் போட்டாலும் அவர் ஒருவர் மட்டும் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பார்.

கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவது அவர் தொழில். தென்காசிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் வயதில் கொச்சிக்கு வந்தவர். மீசை நரைத்த பிறகும் மலையாளத்தைத் தமிழ் மாதிரியும் தமிழை மலையாளம் மாதிரியும் பேசிக்கொண்டிருந்தார்.

சந்தில் எங்களுக்கு ஒரு கூட்டாய்மை, அதாவது சங்கம் மாதிரி ஒன்று, இருந்தது. மலையாளி, தமிழர், குஜராத்தி என்று எல்லா வீடும் அதில் சேர்த்தி. யாருக்காவது பெரிய வைத்தியச் செலவு வந்தால் எல்லோரும் சேர்ந்து பிரியாணி சமைத்து, பொட்டலம் போட்டு விற்று, வருவதை நேராக ஆஸ்பத்திரியில் கட்டிவிடுவோம். எலக்ட்ரீஷியன் ஷாஜி சேட்டன்தான் செயலாளர். நான் வெங்காயம் வெட்டும் கோஷ்டி. செம்பு என்று இங்கே சொல்லும் பிரியாணி அண்டா, அடுப்பு, கரண்டி எல்லாம் அண்ணாச்சியுடையது. வாடகை வாங்க மாட்டார். ஆனால் திட்டத்தை எதிர்ப்பார்.

கோழி என்றால் மட்டன் என்பார். மட்டன் என்றால் ஏழைக்கு உதவுகிறவனுக்கு இத்தனை திமிரா என்பார். ஒருமுறை அவரே ஒரு யோசனை சொன்னார். எல்லோரும் உடனே சரி என்றதும் சந்தேகப்பட்டு அதையும் எதிர்த்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்த முடிவு செய்தபோது எதிர்த்து ஒரே ஒரு ஓட்டு விழுந்தது, அவருடையது. போர்த்திய பிறகு துணி மட்டம் என்று வேறு சொன்னார்.

அப்படிப்பட்ட நாளில்தான் எங்கள் சந்தில் குடியிருந்த செல்வியின் கணவன் முருகேசன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தான். முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் செய்தால்தான் நடக்க முடியும் என்றார்கள். செல்வி எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். வழக்கம்போல் பிரியாணி என்று முடிவாயிற்று. ஷாஜி சேட்டன் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அழுதுகொண்டிருந்ததைப் படம் பிடித்து, ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்து, பஸ் நிற்கும் முக்கில் கட்டிவிட்டார். ஆர்டர் குவிந்தது.

மறுநாள் மாலை செல்வி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"காசே வேண்டாம்க்கா. அந்தப் படத்த மட்டும் எடுக்கச் சொல்லுங்க. பஸ்ல ஏறினா ஆளுங்க அதையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்குறாங்க. ஒருத்தர் என் கையில பத்து ரூபா வச்சிட்டுப் போறாருக்கா."

அன்றே கூட்டத்தில் சொன்னேன். ஷாஜி சேட்டன் திகைத்துப்போனார்.

"சேச்சி, ஒரு முகம் கண்டாலல்லே ஆளுகளுக்கு மனசலிஞ்சு இரக்கம் வரும்? படம் இல்லாம யாரு சகாயிக்கும்?"

பலருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆபரேஷன் முக்கியமா, படம் முக்கியமா என்றார்கள். அப்போது பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் எதிர்க்கேன்," என்றார் அண்ணாச்சி.

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பிள்ள படம் அங்க தொங்குனா எஞ் செம்பு வராது."

"அண்ணாச்சி, அரிசி வாங்கியாச்சு!"

"பக்கெட்டுல வேக வைங்க."

சற்று நேரம் சத்தம். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை உருவி மேஜை மேல் வைத்தார். படம் எடுத்தவரோடு சண்டை போட்டுக்கொண்டே எடுத்தது போலிருந்தது.

"முகம் வேணும்னுதான சொல்லுத? எம் முகத்தப் போடு. ஆரு பேரும் போடாத."

அப்படியே ஆயிற்று. செல்வியின் படம் இறங்கியது. 'நம் சந்தில் ஒருவரின் சிகிச்சைக்கு' என்ற எழுத்துக்கு மேலே, அண்ணாச்சி உலகத்தை முறைத்துக்கொண்டு தொங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை செல்வியும் எங்களோடு உட்கார்ந்து வெங்காயம் வெட்டினாள். அந்த இடத்தில் யார் கண்ணீர் விட்டாலும் யாரும் காரணம் கேட்பதில்லை. அண்ணாச்சி ஒவ்வொரு செம்பாக ருசி பார்த்து உப்பு போதாது என்று திட்டிக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் கடைசிப் பொட்டலமும் போயிற்று.

அதன் பிறகுதான் அவருக்குக் கஷ்டகாலம். அவருக்குத்தான் ஏதோ பெரிய நோய் என்று ஊர் நம்பிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு காலேஜ் பையனை எழுப்பி அவரை உட்காரவைத்தார். வைப்பின் தீவிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா காசு வாங்காமல் நெத்திலி கொடுத்து, காரம் சேர்க்காதே என்று எச்சரித்தாள். பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் அவருக்காகப் பிரார்த்தனை நடந்தது. அடுத்த தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், பல வருஷம் முகம் பார்க்காத விரோதி, வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அவன மன்னிக்க வேண்டியதாப் போச்சே!" என்று அண்ணாச்சி என்னிடம் பல்லைக் கடித்தார். "எம் பொண்டாட்டி நல்ல சேலை கட்ட முடியல. புருசன் சாகக் கெடக்கான், இவளப் பாருங்கானுவ."

"உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிடலாமே அண்ணாச்சி?"

கழுவிக்கொண்டிருந்த செம்பிலிருந்து அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"சொன்னா, அப்பம் நோயி ஆருக்குன்னு அடுத்தாப்புல கேப்பான். கேக்காம விடுவானா?"

ஆபரேஷன் நடந்தது. முருகேசனால் இனி சாரத்தில் ஏற முடியாது. ஆனால் கம்பு ஊன்றி நடக்கிறான். செல்வி வேலை பார்க்கும் ஹோட்டலிலேயே அவனுக்கு டோக்கன் கொடுக்கும் வேலை கிடைத்தது. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். அண்ணாச்சி அவர்களிடம் நலம் விசாரித்து நான் பார்த்ததேயில்லை. எதிரே வந்தால் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்.

நான் இப்போது திருப்பூணித்துறைக்குக் குடிவந்துவிட்டேன். போன மாதம் பழைய சந்துக்குப் போயிருந்தேன். அண்ணாச்சியோடு பேசிக்கொண்டிருக்கும்போது, யாரோ ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, இப்போ எப்படியிருக்கு என்று கவலையோடு கேட்டார். அண்ணாச்சி நெஞ்சில் கைவைத்து, லேசாக இருமி, "கொஞ்சம் தேவல," என்றார். ஸ்கூட்டர் திருப்தியோடு போயிற்று.

அண்ணாச்சி உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றும் வராமலே இருக்கட்டும்.